பாரம் தூக்கும் பயிற்சி: முழு உடலுக்குமா, பிரித்துப் பிரித்தா?

வேலை முடிந்து ஜிம்முக்குப் போகும் எம்மவர்களைச் சந்திக்கும்போது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "அண்ணை, ஆறு மாதமா ஒரே பயிற்சியைத்தான் செய்யிறன். பெடியள் எல்லாம் ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கால் எண்டு பிரிச்சுச் செய்யிறாங்கள். நானும் மாறட்டோ?" இதற்கான விடையை இம்முறை பார்ப்போம்.

இரண்டும் என்ன?

முழு உடற்பயிற்சி என்றால், போகும் ஒவ்வொரு நாளும் கால், முதுகு, நெஞ்சு, தோள், கை என எல்லாத் தசைகளுக்கும் வேலை கொடுப்பது. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். பிரித்துச் செய்வது என்றால், ஒரு நாளில் உடலின் ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாக வேலை கொடுத்து, மற்றப் பகுதிகளை வேறு நாட்களுக்கு விடுவது. இதற்கு நான்கு முதல் ஆறு நாள் வரை போகவேண்டி வரும்.

எங்கள் அயலிலேயே ஒரு கதை

ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் பொரஸ்ட் கேற் எம்மில் பலருக்குப் பழகிய இடம். 1966 இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற ஆர்னோல்ட் சுவாஸ்நேகர், அதன்பின் அங்கே நடுவர் வாக் பெனற்றின் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுத்தார். 1967 இல் அதே போட்டியில் வென்றார். நாளுக்கு இரு தடவை, உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்யும் முறையைப் பலர் அறிந்தது அவரால்தான். ஆனால் அவர் தன் முன்மாதிரியாகக் கொண்ட லீட்ஸ் நகரத்து ரெக் பார்க், 1951, 1958, 1965 ஆகிய ஆண்டுகளில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றவர். முழு உடலுக்கும் ஐந்து செற், ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை என்ற முறையால் பெயர் பெற்றவர் அவர். ஆகவே ஒரு முறை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். எமது நேரத்துக்கும் உடம்புக்கும் எது பொருந்தும் என்பதே கேள்வி.

நாங்கள் விட்ட பிழை

எங்களில் சிலர் மூன்று நாள் முழு உடற்பயிற்சியை விட்டு, ஐந்து நாளுக்கு ஐந்து பகுதி என்று மாறினோம். முதல் இரண்டு கிழமையும் நன்றாகவே போனது. பிறகு வேலையில் ஷிப்ட் மாறியது, வெள்ளி கோயில், சனி பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு ஏதாவது ஒரு விழா. தவறவிட்டது பெரும்பாலும் கால் பயிற்சி நாள்தான், ஏனெனில் அதுவே கடினமானது! இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால், கால்களுக்குப் பயிற்சி கொடுத்தது மூன்றே மூன்று தடவை.

கணக்கைப் பாருங்கள். திங்கள், புதன், வெள்ளி என முழு உடற்பயிற்சி செய்பவர் ஒரு நாளைத் தவறவிட்டால், அடுத்த பயிற்சிக்கு நான்கு அல்லது ஐந்து நாள் இடைவெளி. ஐந்து பகுதியாகப் பிரித்தவர் கால் நாளைத் தவறவிட்டால், கால்களுக்கு 14 நாள் இடைவெளி.

இது ஏன் எமக்கு முக்கியம்?

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இந்நாட்டு வெள்ளையரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சீனியின் பெரும்பங்கை உள்ளே எடுப்பவை தசைகளே. அவற்றில் மிகப் பெரியவை தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. பயிற்சி செய்த தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குவது ஓரிரு நாட்களுக்கே நீடிக்கும். ஆகவே கால்களை மறப்பது, சீனியைக் கட்டுப்படுத்தும் மிகப் பெரிய இயந்திரத்தை நிறுத்தி வைப்பதற்குச் சமம்.

2019 இல் பிரித்தானிய தலைமை மருத்துவ அதிகாரிகள் வெளியிட்ட வழிகாட்டலும், முக்கிய தசைகள் அனைத்துக்கும் கிழமைக்கு ஆகக் குறைந்தது இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்கிறது. இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் முழு உடற்பயிற்சியிலேயே இருங்கள். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கும், முதியோர் விழாமல் நடப்பதற்கும் அதுவே போதிய நன்மை தரும்.

எப்போது மாறலாம்?

1. ஆறு மாதமாவது ஒழுங்காகப் போயிருக்க வேண்டும்.
2. ஒரு நாள் பயிற்சி ஒன்றே கால் மணித்தியாலத்துக்கு மேல் நீள வேண்டும்.
3. கடைசிப் பயிற்சிகளைக் களைப்போடு செய்வதால், அவற்றில் பாரம் கூடாமல் நிற்க வேண்டும்.
4. நான்கு நாள் போக நேரம் உண்மையாகவே இருக்க வேண்டும்.

நான்கும் பொருந்தினால் மாறலாம். பொருந்தாவிட்டால், பாரத்தையோ செற்றையோ சிறிது கூட்டிப் பழைய முறையைத் தொடருங்கள்.

எப்படி மாறுவது?

ஐந்து பகுதியாகப் பிரிக்காமல், மேல் உடல், கீழ் உடல் என இரண்டாகப் பிரியுங்கள். ஞாயிறு மேல், திங்கள் கீழ், புதன் மேல், வியாழன் கீழ். இதில் வெள்ளியும் சனியும் கோயிலுக்கும் குடும்பத்துக்கும் மிஞ்சும். மேல் உடல் நாளில் தள்ளும் பயிற்சி இரண்டு, இழுக்கும் பயிற்சி இரண்டு. கீழ் உடல் நாளில் பாரத்துடன் குந்தி எழும்புதல், பாரத்தை நிலத்திலிருந்து தூக்குதல், படி ஏறுதல், வயிற்றுப் பயிற்சி. ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் போதும்.

நாட்கள் கூடுகின்றன என்று வேலையை இரட்டிப்பாக்க வேண்டாம். முன்பு ஒரு பகுதிக்கு மூன்று நாளில் மும்மூன்றாக 9 செற் செய்திருந்தால், இப்போது இரண்டு நாளில் நாலு அல்லது ஐந்து செற் செய்யுங்கள், கணக்கு ஏறக்குறைய ஒன்றே. மொத்த வேலை சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகளும் காட்டுகின்றன. ஒரு மாதம் உடம்பு பழகிய பின் மெதுவாகக் கூட்டலாம்.

ஒரு நாள் தவறினால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த முறை போகும்போது தவறியதையே செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும் பின்னரும் சீனி அளவு மிகவும் இறங்கலாம். பயிற்சிமுறையை மாற்ற முன் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர்களும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேளாமல் பெரிய பாரம் தூக்கக் கூடாது. பிரசர் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்காமல், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். 40 முதல் 74 வயது வரையானோரில், இத்தகைய நோய்கள் ஏற்கெனவே இல்லாதவர்களுக்கு இங்கிலாந்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

நாங்கள் இப்போது திரும்பவும் மூன்று நாள் முழு உடற்பயிற்சிக்கே வந்துவிட்டோம். அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. நீங்களும் மாறுவதற்கு முன், கடந்த நான்கு கிழமையில் உண்மையாக எத்தனை நாள் போனீர்கள் என்று நாட்காட்டியைப் பார்த்து எண்ணுங்கள். மாறுவதா இல்லையா என்பதற்கு அந்த எண்ணே சரியான பதில்.