ஊரும் இல்லை, உறவும் இல்லை: மலை உச்சியில் 300 ஆண்டாக நிற்கும் சத்திரம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டுக் கச்சேரி கேட்கப் போனவர்கள் திங்கட்கிழமைதான் வீடு திரும்பினார்கள். 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் இந்தச் சம்பவம் நடந்தது. கொட்டிய பனியில் ரோடு அடைபட்டு, 61 பேர் 3 ராத்திரி ஒரே கூரைக்குள் மாட்டிக் கொண்டனர். உலகம் முழுக்க பத்திரிகைகளில் இது பரபரப்பாக பேசப்பட்டது.

அவர்களைக் காப்பாற்றிய இடத்தின் பெயர் 'டான் ஹில் இன்'. இங்கிலாந்தில் 'இன்' என்றால் பழைய காலத்து சத்திரம். வழிப்போக்கர்களுக்கு சாப்பாடு, பீர், படுக்கை மூன்றும் ஒரே இடத்தில் காசுக்குக் கிடைக்கும். பக்கத்தில் ஊரே இல்லாத மலையில் இப்படி ஒரு சத்திரத்தை யார் கட்டினார்கள்? யாருக்காக கட்டினார்கள்? அதன் கதை வருமாறு:-

காற்றும் ஆடும் மட்டும்

வடக்கு யார்க்ஷயர் மாவட்டத்தில், கடல் மட்டத்தில் இருந்து 528 மீட்டர் உயரத்தில் இந்த சத்திரம் இருக்கிறது. பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் உள்ள மதுக்கடை இதுதான். பக்கத்து கிராமமான கெல்டுக்குப் போக சுமார் 6 கிலோ மீட்டர் நடக்க வேண்டும். அதுவும் சில வீடுகள் மட்டுமே உள்ள குட்டி கிராமம்.

சுற்றிலும் மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும் சதுப்பு நிலமும்தான். ஆடுகள் மேய்கின்றன. நடுவில் ஒற்றையாக ஒரு கல் கட்டிடம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு 'இங்கே யார் வந்து குடிப்பார்கள்?' என்றுதான் தோன்றும்.

சோறு போட்ட நிலக்கரி

விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இந்த மலையில் நிலக்கரி கிடைத்தது. 1384-ம் ஆண்டிலேயே ரிச்மண்ட் கோட்டைக்கு இங்கிருந்து கரி போனதற்கு பதிவு உள்ளது. அதாவது 600 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொழில் நடந்திருக்கிறது.

முதல் தரமான கரி என்று சொல்ல முடியாது. ஆனாலும் குளிரில் அடுப்பு எரிய அது போதும். பள்ளத்தாக்கில் ஈயம் உருக்கும் உலைகளுக்கும், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கூட இந்தக் கரிதான் போனது. குதிரை முதுகில் மூட்டை கட்டி இறக்கினார்கள்.

கரி வெட்டுகிறவர்கள், மூட்டை ஏற்றும் குதிரைக்காரர்கள், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும் வியாபாரிகள், தலைச்சுமை வியாபாரிகள் என எல்லோரும் கூடும் இடமாக டான் ஹில் இருந்தது. இவர்களுக்காக 17-ம் நூற்றாண்டிலேயே இங்கே சத்திரம் வந்துவிட்டதாக சொல்கிறார்கள். இப்போது உள்ள கட்டிடம் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் இதற்கு 'கிங்ஸ் பிட்' என்ற சுரங்கத்தின் பெயரே வழங்கியது. சுற்றிலும் தொழிலாளர்களின் குடிசை வீடுகள் இருந்தன. அப்போது இது தனிக் கட்டிடம் இல்லை, ஒரு சின்ன ஊரே இருந்தது.

சுரங்கம் மூடியது, கதவு மூடவில்லை

1860-களில் அக்கம் பக்கத்து ஊர்களுக்கு ரெயில் வந்தது. அதில் வேறு இடங்களில் இருந்து நல்ல கரி வந்து இறங்கியது. மலைக் கரிக்கு மவுசு குறைந்தது. ஈயத் தொழிலும் படுத்துவிட்டது. கடைசியாக 1929-ம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

வேலை போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். தொழிலாளர் வீடுகள் இடிக்கப்பட்டன. மிஞ்சியது சத்திரம் ஒன்றுதான். தினமும் வந்து குடித்துவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் ஒரேயடியாக காணாமல் போனால் எந்தக் கடைதான் தாங்கும்?

தாங்கிப் பிடித்தவர் ஒரு பெண். அவர் பெயர் சூசன் பீகாக். 1902-ம் ஆண்டு சத்திரத்தின் பொறுப்புக்கு வந்தவர், 1937-ல் சாகும் வரை 35 ஆண்டுகள் நடத்தினார். சுரங்கம் மூடிய கஷ்ட காலம் முழுக்க அவர் கையில்தான் கடை இருந்தது. ஆடு வளர்க்கும் விவசாயிகளும், புதிதாக கார் வாங்கி ஊர் சுற்ற வந்தவர்களும் அவருக்கு கைகொடுத்தார்கள். 1930-களில் பி.பி.சி. ரேடியோவில் பேசும் அளவுக்கு அவர் பிரபலம் ஆனார். சத்திரத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் அவர் பெயரை செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நடந்து வந்தவர்கள் கொடுத்த உயிர்

1965-ம் ஆண்டு 'பென்னைன் வே' என்ற நடைபாதை திறக்கப்பட்டது. மலைத்தொடர் வழியாக சுமார் 430 கிலோ மீட்டர் போகும் பாதை இது. சத்திரத்தின் வாசல் வழியாகவே போகிறது. பல நாள் நடந்து கால் ஓய்ந்து வருகிறவனுக்கு இங்கே சூடான சாப்பாடும் கணப்பு அடுப்பும் கிடைத்தால் சும்மா போவானா? கூட்டம் வர ஆரம்பித்தது.

பிறகு டி.வி. வந்தது. 1980-களில் ஜன்னல் கண்ணாடி கம்பெனி ஒன்று இங்கே விளம்பரப் படம் எடுத்தது. வெளியே பேய்க் காற்று அடிக்கும். உள்ளே ஜன்னல் ஓரமாக ஒரு பறவை இறகை கீழே போடுவார்கள். அது ஆடாமல் அசையாமல் நேராக விழும். காற்றுக்கு பெயர் போன இடம் என்பதால்தான் இந்த சத்திரத்தை தேர்வு செய்தார்கள். ஊர் இல்லாத இடம் என்ற குறையே அன்று முதல் விளம்பரமாக மாறியது.

எல்லைத் தகராறும் 'சிக்கன்' சண்டையும்

1974-ம் ஆண்டு மாவட்ட எல்லைகளை மாற்றி அமைத்தபோது டான் ஹில் பக்கத்து டர்ஹாம் மாவட்டத்துக்குப் போய்விட்டது. யார்க்ஷயர்காரர்களுக்கு மண் பற்று அதிகம். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து 1987-ல் எல்லையை மறுபடி மாற்றி சத்திரத்தை யார்க்ஷயரிலேயே சேர்த்தார்கள். கட்டிடம் நகரவில்லை, முகவரி மட்டும் போய்விட்டு திரும்பி வந்தது.

2007-ம் ஆண்டு இன்னொரு கூத்து. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு பட்டியலில் 'பேமிலி பீஸ்ட்' அதாவது 'குடும்ப விருந்து' என்று போட்டிருந்தார்கள். 'அந்தப் பெயர் எங்களுடையது' என்று கே.எப்.சி. தரப்பில் இருந்து நோட்டீஸ் வந்தது. மலை மேல் உள்ள ஒற்றைக் கடையோடு உலக கம்பெனி மோதுகிறது என்ற செய்தி பரவியதும் கம்பெனி பின்வாங்கிவிட்டது. சத்திரத்துக்கு செலவே இல்லாமல் இன்னொரு விளம்பரம் கிடைத்ததுதான் மிச்சம்.

பனி ஏன் இப்படி மூடுகிறது?

528 மீட்டர் என்பது பெரிய உயரம் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் வடக்கே குளிர் கடுமையாக இருக்கும். அதோடு காற்றைத் தடுக்க மரமோ வீடோ இல்லை. வானத்தில் இருந்து விழும் பனியை விட, காற்று வாரிக்கொண்டு வந்து ரோட்டிலும் சுவர் ஓரத்திலும் குவிக்கும் பனிதான் ஆபத்து. அரை மணி நேரத்துக்கு முன்பு கார் வந்த ரோடு அடுத்த அரை மணி நேரத்தில் தெரியாமல் போய்விடும்.

2010-ம் ஆண்டு புத்தாண்டு கொண்டாட வந்த சுமார் 30 பேர் 3 நாட்கள் சிக்கினார்கள். 2017-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி, பனியில் சிக்கியவர்கள் ஒன்றாக கிறிஸ்துமஸ் கொண்டாடுவது போல இங்கேயே விளம்பரம் எடுத்தது. 4 ஆண்டு கழித்து அது அப்படியே நிஜமானது.

2021 நவம்பர் 26-ந்தேதி 'ஆர்வென்' புயல் அடித்தது. அன்று 'ஓயாசிஸ்' இசைக்குழுவின் பாடல்களைப் பாடும் 'நோவாசிஸ்' குழுவின் கச்சேரி நடந்தது. பனி குவிந்ததோடு மின்கம்பிகளும் அறுந்து ரோட்டில் விழுந்ததால் யாரும் கிளம்ப முடியவில்லை. அறை கிடைக்காதவர்கள் சோபாவிலும் தரையில் போட்ட மெத்தையிலும் படுத்தார்கள். பகலில் சினிமா, வினாடி வினா, பாட்டு என்று பொழுது போனது. உடம்புக்கு முடியாத ஒருவரை மலை மீட்புக் குழுவினர் வந்து அழைத்துப் போனார்கள். சாப்பாட்டுக்கு பஞ்சம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் 3 நாளில் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். விழுந்து விழுந்து கவனித்த ஊழியர்களுக்காக எல்லோரும் காசு போட்டு வசூல் செய்து கொடுத்துவிட்டு, 29-ந்தேதி ரோடு திறந்ததும் கிளம்பினார்கள்.

தப்பிப் பிழைத்த ரகசியம்

இங்கிலாந்தின் 2-வது உயரமான மதுக்கடை 'கேட் அண்ட் பிடில்'. 515 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் கடையே 2015-ல் மூடப்பட்டு, 2020-ல்தான் சாராய வடிப்பு ஆலையோடு சேர்த்து மீண்டும் திறக்கப்பட்டது. கார் ஓடும் பெரிய ரோட்டின் ஓரம் இருந்தும் அதற்கு அந்த கதி.

டான் ஹில்லில் கரி வெட்டியவர்கள் போனதும் ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். அடுத்து கார்காரர்கள், நடைபயணிகள், கல்யாண கோஷ்டிகள் வந்தார்கள். ஆட்கள் மாறினாலும் தேவை மாறவில்லை. காற்றிலும் பனியிலும் வருகிறவனுக்கு வேண்டியது ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஒரு வாய் சூடான சாப்பாடு. வேறு போக்கிடம் இல்லாத இடத்தில் அதைக் கொடுப்பதால்தான் இந்த சத்திரம் நிற்கிறது.

பழைய சுரங்கக் குழிகள் இன்னும் சுற்றுப்புறத்தில் இருக்கின்றன. எனவே நடைபயணம் போகிறவர்கள் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது குறிப்பிடத்தக்கது.