கப்பலில் வாள், தோட்டத்தில் கத்தி

லிந்துலையில் எங்கள் லயத்துக் கூரையிடுக்கில் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி இன்னமும் செருகியிருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கடற்கொள்ளையர் படத்தில வாற வாள் மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்ன வாளுக்குக் கட்லஸ் என்று பெயர். அதைப் பற்றித் தேடியபோது, அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருப்பது தெரிந்தது.

பாய்மரக் கப்பலின் தளம் ஒடுக்கமானது. கயிறும் மரமும் குறுக்கே நிற்கும் இடத்தில் நீண்ட வாளை வீச முடியாது. அதனால் மாலுமிகளுக்குக் குட்டையான, கனத்த வாள் கொடுத்தார்கள். கைகாப்பு உண்டு; பெரிய பயிற்சி தேவையில்லை; கயிறும் வெட்டலாம். எல்லாமே வளைந்தவை அல்ல. பிரித்தானியக் கடற்படை 1804இல் நிர்ணயித்த கட்லஸின் அலகு ஏறத்தாழ 29 அங்குலம், நேரானது. வளைவு பின்னர் வந்தது. 1936இல் கடற்படை அதைக் கைவிட்டது.

ஆனால் பெயர் சாகவில்லை. கயானாவிலும் டிரினிடாட்டிலும் கரும்பு வெட்டும் கத்திக்கு இன்றும் கட்லஸ் என்றுதான் பெயர். முதலில் அதைப் பிடித்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். அடிமைமுறை ஒழிந்ததும், 1838 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பின்னர் சென்னையில் ஏறிய தமிழரும் அவர்களில் சேர்ந்தனர். அதே காலத்தில்தான் நம்மவர்கள் மன்னார்வழியே நடந்து இந்த மலைக்கு வந்தார்கள்.

எங்கள் கத்தி கட்லஸின் வாரிசு அல்ல. கட்லஸ் ஓங்கி வெட்டுவது. கவ்வாத்துக் கத்தியின் நுனி உட்பக்கம் வளைந்திருக்கும். கிளையில் கொளுவிச் சாய்வாக இழுத்து வெட்ட வேண்டும். கூர் மழுங்கினால் கிளை பிளந்து, செடி அழுகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் கவ்வாத்துக்கு வரும். சொன்ன கணக்குச் செடி முடிந்தால்தான் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். அதனால் அப்பா இரவில் சோறு தின்பதற்கு முன் கத்தியைத் தீட்டிவிடுவார்.

இந்தக் கணக்குச் சண்டை அங்கேயும் நடந்தது. கயானாவின் என்மோர் தோட்டத்தில், வெட்டிய கரும்பைத் தாங்களே படகில் ஏற்றவும் வேண்டும் என்ற முறையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1948 ஜூன் 16இல் பொலிஸார் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஆண்டில்தான் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது.

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலும் சம்பளத்துக்காக ஒரு போராட்டம் நடந்தது. பெரட்டுக்களத்துக்குப் புறப்பட்ட ஆட்களிடம் தோட்டத் தலைவர், "கத்திய லயத்துலயே வச்சிட்டு வாங்கப்பா, பொலிஸ் வந்திருக்கு" என்றார். முந்தின நாள்வரை அது வேலைச் சாமான். கேள்வி கேட்கப் போன அன்று மட்டும் ஆயுதமாகிவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் கத்தியைக் கூரையிடுக்கில் செருகிவிட்டு, வெறுங்கையோடு போனார்.