ஃபெல்தம் வீட்டுப் பையனும் ரசிகர்களின் ஓயாத சண்டையும்

ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி ஃபெல்தம் என்றொரு புறநகர் இருக்கிறது. லண்டனுக்கு மேற்கே, ஹவுன்ஸ்லோ பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அங்கே கிளாட்ஸ்டன் அவென்யூவில் உள்ள ஒரு சாதாரண வீட்டுச் சுவரில் 2016-இல் ஒரு நீலப் பலகை பதித்தார்கள். குயின் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி வாழ்ந்த வீடு அது.

ஃப்ரெடி மெர்குரி அவர் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. 1946-இல் சான்சிபார் தீவில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்த ஃபாரூக் புல்சாரா அவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். எட்டு வயதில் பையனைக் கப்பலேற்றி, மும்பைக்கு அப்பால் பஞ்சகனியில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளி நண்பர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு சேர்த்து பியானோ வாசித்ததும் அங்கேதான். 1964-இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் உயிருக்குப் பயந்து கிளம்பி ஃபெல்தம் வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது 17 வயது. இசையில் கால் ஊன்றும் முன்பு ஹீத்ரோவில் சாமான் தூக்கும் வேலைகூடப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்கும்போது நமக்கு எங்கேயோ இடிக்குமே! கலவரம், கிளம்பி வருவது, விமான நிலையத்தில் கிடைத்த வேலை, 'பிள்ளை நல்லாப் படிச்சு ஒரு நிலைக்கு வரணும்' என்று கவலைப்படும் பெற்றோர். நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

பழைய ராக் குழுக்களைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் அது பேச்சாக இருக்காது, வழக்காக இருக்கும். பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? லெட் செப்பலினா, டீப் பர்ப்பிளா? ரோஜர் வாட்டர்ஸ் இல்லாத பிங்க் ஃபிளாய்ட், பிங்க் ஃபிளாய்ட்தானா? 'ராஜாவா, ரஹ்மானா' என்று கல்லூரி விடுதியில் விடிய விடியச் சண்டை போட்டு வந்த எனக்கு இது புதுசே இல்லை. ஆளும் பாட்டும்தான் வேறு, தொண்டை கட்டுவது ஒன்றுதான்.

வந்த புதிதில் இங்கே சக ஊழியர்களோடு வானிலையைத் தாண்டிப் பேச எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. குயின் கிடைத்தது. ஓய்வு பெறும் வயதிலுள்ள ஓர் ஆங்கிலேயர் எங்கள் குழுவில் இருக்கிறார். 1985 ஜூலை 13, சனிக்கிழமை, லைவ் எய்ட் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்ததை இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். வெம்ப்லி அரங்கில் குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். கையைத் தூக்கித் தட்ட வைத்தார், அத்தனை ஆயிரம் பேரும் ஒரே தாளத்தில் தட்டினார்கள். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய அம்மா, அப்பா, பழைய வீட்டு வரவேற்பறை எல்லாம் எனக்குத் தெரிய வந்தன. நேரடியாகக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். பாட்டு வழியாகப் போனதால் கதவு திறந்தது.

எஞ்சினியர் என்பதால் எனக்குப் பிடித்தது வேறு. கிதார் கலைஞர் பிரையன் மே, இயற்பியல் மாணவர். விலை கொடுத்து வாங்க வசதியில்லாமல், 1963 வாக்கில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிதார் செய்ய ஆரம்பித்தார். அதன் கழுத்துக்கு ஒரு பழைய கணப்பு அடுப்பின் மேல்பலகை, ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் பாகம். வாழ்நாள் முழுக்க அதையேதான் வாசிக்கிறார். பாதியில் விட்ட வானியல் ஆய்வை முப்பது வருஷம் கழித்து முடித்து, 2007-இல் முனைவர் பட்டமும் வாங்கினார். பேஸ் கிதார் ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் செய்தார். குயின் பாடல்களில் ஒரு கிதார் பல வாத்தியங்கள் போல ஒலிப்பதில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 'சிந்தசைசர் இல்லை' என்று அவர்கள் ஆரம்பகால ஆல்பம் உறைகளில் பெருமையாக அச்சிட்டதற்கு இந்தக் கைவேலைதான் காரணம். 'படிப்பா, பாட்டா, ரெண்டில் ஒன்று சொல்' என்று பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்கும் நம் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, வில்லங்கமான இடத்துக்கு வருவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலரிடம் ஃப்ரெடி பேச்சை எடுத்தால் கோபம் வருகிறது. "அவர் ஏன் தன் பெயரை மறைச்சார்? நம்ம மாதிரி நிறம் உள்ளவர்னு ஏன் வெளிப்படையா சொல்லலை?" என்று கேட்கிறார்கள். 1984-இல் இனஒதுக்கல் நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டிக்குப் போய் குயின் பாடியதையும் எடுத்துப் போடுகிறார்கள். நியாயமான கேள்விகள். கலாசாரப் புறக்கணிப்பை மீறியதற்காக இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அபராதம் போட்டது, ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. ரசிகர் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. அறுபது, எழுபதுகளின் பிரிட்டனில் பழுப்பு நிறப் பையன் ஒருவன் ராக் மேடை ஏறுவது லேசான காரியமா? 1968-இல் ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாடே கொதித்த காலம். இன்றைக்கும் நம்மில் எத்தனை பேர் அலுவலகத்தில் முழுப் பெயரோடு இருக்கிறோம்? பாலசுப்ரமணியன் 'பாலா' ஆகிறார், கார்த்திகேயன் 'கார்த்திக்' ஆகிறார், சிலர் 'கே' என்ற ஓரெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை, சௌகரியம் என்கிறோம். அவருக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

இன்னொரு பக்கம், 'அவர் நம்ம ஆளு' என்று மார்தட்டுவதும் எனக்கு ஒட்டவில்லை. அவர் பார்சி. சான்சிபார், பஞ்சகனி, ஃபெல்தம் மூன்றுக்கும் அவரில் பங்குண்டு. சாவுக்குப் பிறகு சொந்தம் கொண்டாடுவது எல்லோருக்கும் எளிது. அவர் குடும்பம் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1991 நவம்பரில் 45 வயதில் எய்ட்ஸ் நோயால் அவர் இறந்தபோது, லண்டனில் பார்சி குருமார் வந்து ஜொராஸ்டிரிய முறைப்படி இறுதிச் சடங்கு நடத்தினார்கள். உலகத்துக்கு அவர் ஃப்ரெடி, பெற்றவர்களுக்குக் கடைசிவரை புல்சாரா வீட்டுப் பிள்ளை. ரெண்டு பெயரும் ஒரே ஆளுக்குப் பொருந்தியது, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

நம் இரண்டாம் தலைமுறைக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். 'நீ தமிழா, பிரிட்டிஷா, ஒன்றைச் சொல்' என்று அவர்களை நெருக்கிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளை ராக் கேட்டால் 'என்ன காட்டுக் கத்தல்' என்கிறோம், நாம் பழைய பாட்டு போட்டால் பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறது. ஒரே காரில் ரெண்டு தேசம்.

ஒரு நாள் மாற்றிப் பாருங்களேன். பிள்ளைக்குப் பிடித்த பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, 'இதை முதல்ல எங்கே கேட்டே, யாரோட கேட்டே' என்று மட்டும் விசாரியுங்கள். பிறகு உங்கள் முறை. எந்த டீக்கடை, எந்த டேப் ரெக்கார்டர், பக்கத்தில் இருந்தது யார் என்று சொல்லுங்கள். எந்தக் குழு உசத்தி என்ற சண்டை நடக்கட்டும், அது முடியவே வேண்டாம். அந்தச் சண்டை சாக்கில்தான் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் கதையை ஒருவர் தெரிந்துகொள்ள முடியும்.