எம்மா? என்னா?

"ஏ, பி, சி, டி எல்லாருக்கும் தெரியும், இதுல போய் என்ன கட்டுரை?" என்று சிரிக்காதீர்கள். அந்த எழுத்துக்களின் பேரால் எங்கப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விட்டது.

நடந்தது இதுதான். எனக்கு ஒரு அட்டை வாங்க எழுதிக் கொடுத்திருந்தோம். அங்கிருந்து ஒருவர் போன் பண்ணி, "பாப்பா, இனிஷியல் என்ன?" என்று கேட்டார். நான், "என் இனிஷியல் எம் சார்" என்றேன். அட்டை வந்தபோது என் பேருக்கு முன்னால் 'என்' என்று இருந்தது! பள்ளிக்கூடச் சான்றிதழில் 'எம்', அட்டையில் 'என்'. பேர் ஒத்துப்போகவில்லை என்று உதவித்தொகை நின்றுவிட்டது. அப்பா வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போய்த் திருத்தக் கொடுத்துவிட்டு வந்தார். திட்டவில்லை. "நல்லா சத்தமாத்தானே சொன்னே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தமாகத்தான் சொன்னேன். கோளாறு சத்தத்தில் இல்லை. தமிழ் இலக்கணத்தில் மெல்லினம் படித்தோமே, ம், ன் இரண்டும் அதில்தான் வரும். இரண்டுக்கும் காற்று மூக்கு வழியாகத்தான் போகிறது. ம் சொல்ல உதடு மூடும், ன் சொல்ல நாக்கு மேலே ஒட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நேரில் பேசினால் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். போனில் உதடு எங்கே தெரியும்? (பக்கத்துத் தோழியைக் கண்ணை மூடச் சொல்லி, தள்ளி நின்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.) போதாததற்கு நான் 'என்' என்று வேறு பேச்சை ஆரம்பித்தேன்!

எஃப், எஸ் இரண்டும் இதேபோல் ஏமாற்றும். பழைய டெலிபோனில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் போகும். 'ஸ்' என்ற சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் அது வெட்டுப்பட்டுவிடும். பி, டி, வி, ஜி எல்லாம் 'ஈ' என்றே முடிவதால் அவையும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஏன் சில எழுத்துக்கு மட்டும் முன்னால் 'எ' வருகிறது, சிலதுக்குப் பின்னால் 'ஈ' வருகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இது ரோமானியர்களின் லத்தீன் மொழியிலிருந்து வந்த வழக்கம். ம், ன், ல், ஸ் இவற்றை மூச்சு இருக்கும் வரை 'ம்ம்ம்' என்று இழுக்கலாம். அவற்றுக்கு உயிரை முன்னால் வைத்தார்கள்: எம், என், எல், எஸ். 'ப்', 'ட்' இழுக்க வராது, பட்டென்று நின்றுவிடும். அவற்றுக்கு உயிரைப் பின்னால் வைத்தார்கள். நாம் மகரம், னகரம் என்று 'கரம்' சேர்ப்பதும் இந்த மாதிரி ஒரு ஏற்பாடுதான். ஆனால் மகரம், னகரம் என்றால் போனில்கூட இவ்வளவு குழம்பாது என்பது என் கருத்து!

இந்தப் பேர் தெரியாமல் பரீட்சையில் மார்க்கும் போகும். 'எம்' மெய்யெழுத்துதானே என்று 'ஏ எம்.எல்.ஏ.' என்று எழுதினால் தப்பு. பேர் 'எ' என்ற உயிர் ஒலியில் தொடங்குவதால் 'அன் எம்.எல்.ஏ.' என்றுதான் வரும். 'யு' உயிரெழுத்துதான், ஆனால் 'யூனிஃபார்ம்' என்ற சொல் 'ய்' என்ற ஒலியில் தொடங்குகிறது. அதனால் 'ஏ யூனிஃபார்ம்'. கண்ணை நம்பாமல் காதை நம்பணும்.

நாம் 'ஹெச்' என்கிறோம், ஆங்கில அகராதியில் 'எய்ட்ச்' என்று ஹ இல்லாமல் இருக்கிறது. அயர்லாந்தில் நிறையப் பேர் நம்மைப்போல ஹ சேர்த்துத்தான் சொல்கிறார்களாம். நம்ம 'இசட்', இங்கிலாந்தில் 'ஸெட்', அமெரிக்காவில் 'ஸீ'. ஏபிசிடி பாட்டு 1835-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பதிவானது. அதில் வரிகள் ஜீ, பீ, வீ என்று முடிந்து கடைசியில் ஸீ என்று இயைபாக வரும். எல்.கே.ஜி. பிள்ளைகள் 'இசட்' என்று முடிக்கும்போது பாட்டு இடிப்பது அதனால்தான்!

விமானம் ஓட்டுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தால் உயிரே போய்விடும். அதனால் 1956-லிருந்து உலகம் முழுக்க எம்முக்கு 'மைக்', என்னுக்கு 'நவம்பர்' என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு மைக் எல்லாம் வேண்டாம். திருத்தப் போன அன்று அப்பாவிடம், "மதுரைக்கு வர்ற எம்னு சொல்லுங்கப்பா, நாகப்பட்டினத்துக்கு வர்ற என் இல்லைன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே சொல்லியிருக்கிறார்.

போன வாரம் புது அட்டை வந்தது. 'எம்' என்றுதான் இருக்கிறது. அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி