சுருங்கும் உணவுத்தட்டு

ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் பலர் உணவைச் சுவையால் மட்டும் தேர்வதில்லை. நிறம், மணம், வாயில் படும் தன்மை ஆகியவற்றாலும் தேர்கின்றனர். வெள்ளைச் சோறு உண்ணும் பிள்ளை, அதில் ஒரு துளி குழம்பு பட்டாலும் ஒதுக்கிவிடும். அதைப் பிடிவாதம் என்று கடிந்து பயனில்லை.

இவ்வொதுக்கல் சில வேளை நோயாய் முடியும். காயும் கனியும் பல திங்கள் தொடாத இத்தகைய பிள்ளைகளுக்கு ஸ்கர்வி கண்டதை மருத்துவ இதழ்கள் பன்முறை பதிவு செய்துள்ளன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலோட்டிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஆராய்ந்த அதே நோய்! ஈறு வீங்கிக் குருதி கசியும். கால் வலியால் பிள்ளை நடக்க மறுக்கும். வலியை எடுத்துரைக்க இயலாத பிள்ளையாயின், நடவாமையும் ஆட்டிசத்தின் குணமென்றே கருதப்படுவதுண்டு. உயிர்ச்சத்து சி கொடுத்தால் சில நாள்களிலேயே வலி தணியத் தொடங்கும்.

முன்னரே சுருங்கிய இத்தட்டிலிருந்து பாலையும் கோதுமையையும் நீக்கச் சொல்வோர் உளர். அதனால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. (கோதுமை ஒவ்வாதோர் நிலை வேறு.) புட்டிகளை அடுக்குவதும் தீங்கற்றதன்று. உயிர்ச்சத்து பி6 மிகுந்தால் நரம்பு கெடும் என்பது 1983இலேயே வெளியாயிற்று. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தைக் குலைக்கும் என்பது மெய். ஆயினும் குருதிச் சோதனையில் குறை கண்டபின் கொடுப்பதே முறை.

பள்ளி இடைவேளையில் பிள்ளை உண்பதை நேரில் காண்பவர் ஆசிரியரே. எதை உண்டது, எதை ஒதுக்கியது என்று ஒரு வாரம் குறித்துப் பெற்றோரிடம் கொடுத்தால், மருத்துவர் வினவும் முதல் வினாவுக்கு விடை அதில் இருக்கும்.