வார்சாவில் ஒரு பகல்

போலந்தின் தலைநகராகிய வார்சாவில் பழைய நகரைச் சுற்றி வர அரைமணி போதும். நான் ஒரு முழுப் பகலையே அதற்கு ஒதுக்கினேன்.

கோட்டைச் சதுக்கத்தில் 1644-இல் நாட்டப்பெற்ற ஸிகிஸ்மண்டு மன்னர் தூணை 1944-இல் ஜெர்மானியர் தகர்த்தனர். 1949-இல் புதுக் கல்லில் அது மீண்டும் எழுந்தது. முறிந்த பழைய தண்டுகளோ அரண்மனை அருகே இன்றும் படுத்துக் கிடக்கின்றன. அவற்றருகே சற்று அதிகமாகவே நின்றேன்.

அடுத்து சந்தைச் சதுக்கம். நாற்புறமும் வண்ண வீடுகள். நடுவே வாளேந்திய கடற்கன்னி. நேயர்களே, அவ்வளவும் பல நூற்றாண்டுப் பழைமை என்றே தோன்றும். ஆனால் 1944 எழுச்சியை ஒடுக்கியபின் நாஜிப் படையினர் இப்பகுதியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அழித்துவிட்டனர். மக்கள் இடிபாட்டைக் கிளறிச் சிற்பத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்தனர். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர் வரைந்த அளவுப் படங்களும், 18-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ தீட்டிய ஓவியங்களும் வழிகாட்ட, 1953-இல் சதுக்கம் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்படியானால் இது நகல்தானே என்று கேட்கலாம். முகப்புக்குப் பின்னால் இருப்பவை புதுக் குடியிருப்புகளே. ஓவியர் அழகுக்காகச் சேர்த்ததும் சுவரேறியிருக்கிறது! எனினும் 1980-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கட்டடத்தின் வயதுக்காக அன்று, மீட்டுக் கட்டிய முயற்சிக்காக. அது நேர்மையான தீர்ப்பென்பேன்.

பிற்பகலில், 1984-இல் மறுபடி திறந்த அரண்மனைக்குள் அவ்வோவியங்களையே கண்டேன். அந்தியில் மதிலோரமாக நடந்து, விஸ்துலா நதி தெரியும் மேட்டில் அமர்ந்தேன். பக்கத்து மாடியில் ஒரு மூதாட்டி சன்னலோரச் செடிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார்.