மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா: இறையாண்மை, ஆட்சிமொழி, மாநிலப் பெயர் குறித்த நிலைப்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

பேரறிஞர் அண்ணா 1962 ஏப்ரல் முதல் 1967 தொடக்கம் வரை மாநிலங்களவை உறுப்பினராக விளங்கினார். அக்காலத்தில் அவையின் முன் வந்த மூன்று தேசியச் சிக்கல்களில் அவர் மேற்கொண்ட நிலைப்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம், 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், சென்னை மாநிலப் பெயர்மாற்ற மசோதா ஆகியவை அம்மூன்று. இவற்றில் அவர் எடுத்த நிலைப்பாடுகள் தனித்தனி எதிர்ப்புகள் அல்ல என்பதும், இறையாண்மை மக்களிடத்தில் உள்ளது, அம்மக்கள் மாநிலங்களாகவும் மொழியினங்களாகவும் அமைந்தவர்கள் என்னும் ஒரே அடிப்படையிலிருந்து கிளைத்தவை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அண்ணா, மாநிலங்களவை, இறையாண்மை, ஆட்சிமொழி, கூட்டாட்சி, பெயர்மாற்றம்

முன்னுரை

அண்ணாவை நாடக ஆசிரியராகவும் மேடைப் பேச்சாளராகவும் இதழாசிரியராகவும் முதலமைச்சராகவும் ஆராய்ந்த நூல்கள் தமிழில் பலவாக உள்ளன. அவரது நாடாளுமன்றப் பணியோ பெரும்பாலும் சில புகழ்பெற்ற மேற்கோள்களின் தொகுப்பாகவே நினைவுகூரப்படுகிறது. மேற்கோள்களாகப் பிரிக்கப்படும்போது ஓர் உரையின் வாதத் தொடர்ச்சி மறைந்துவிடுகிறது. எந்தச் சட்டப்பிரிவுக்கு எதிராக அவ்வாதம் எழுந்தது, அவையில் அதற்கு என்ன மறுப்பு வந்தது, பின்னர் அச்சட்டம் என்னவாயிற்று என்னும் வினாக்களும் விடுபட்டுப் போகின்றன.

அண்ணா மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் உரையாற்றினார் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழில் இன்று பெரிதும் வழங்குபவை அவ்வுரைகளின் மொழிபெயர்ப்புகளே. தன்னுரிமை, பிரிவினை, சுயநிர்ணயம் ஆகிய சொற்கள் மொழிபெயர்ப்பில் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கையாளப்படும்போது அவரது நிலைப்பாட்டின் நுண்மை சிதைவதற்கு இடமுண்டு. ஆகவே உரைகளை அவற்றின் சட்டச் சூழலோடு பொருத்திக் காண்பது இன்றியமையாதது.

அவை நுழைவும் முதல் உரையும்

1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னைச் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. 1957இல் அது பெற்றிருந்தவை 15 இடங்கள். கட்சி இவ்வாறு வளர்ந்தபோதும் காஞ்சிபுரம் தொகுதியில் அண்ணா தோல்வியுற்றார். அதன் பின்னரே சட்டமன்ற உறுப்பினர்களால் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1962 மே 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது அவர் தம் முதல் உரையை நிகழ்த்தினார். தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்பதையும், அதனால் வேறு எவர்க்கும் தாம் எதிரானவர் அல்லர் என்பதையும் அவர் முதலில் தெளிவுபடுத்தினார். பின்னர்த் தென்னகத்திற்குத் தன்னுரிமை வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைத்தார். இக்கோரிக்கையை எந்த அவையின் முன் வைத்தால் மிகக் கடுமையான எதிர்ப்பு எழுமோ அந்த அவையிலேயே அவர் அதனை வைத்தார் என்பது நோக்கத்தக்கது. தெருவிலும் மேடையிலும் முழக்கமாக ஒலித்த கோரிக்கை, மறுப்புக்கும் குறுக்குக் கேள்விக்கும் உட்பட்ட நாடாளுமன்ற வாதமாக அன்று உருமாறியது.

பதினாறாவது திருத்தமும் இறையாண்மை குறித்த வாதமும்

1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனத் தாக்குதல் தொடங்கியது. விலைவாசி உயர்வு எதிர்ப்புப் போராட்டத்திற்காக அவ்வாண்டில் சிறை சென்று மீண்டிருந்த அண்ணா, போர்ச் சூழலில் நேரு அரசின் பாதுகாப்பு முயற்சிகளுக்கு ஆதரவு தெரிவித்ததோடு, பிரிவினைக் கோரிக்கை மீதான பரப்புரையையும் நிறுத்திவைத்தார்.

இதனையடுத்து 1963 சனவரியில் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. சர் சி. பி. இராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரை இதற்குப் பின்புலமாக அமைந்தது. இத்திருத்தம் இரு வகையில் செயற்பட்டது. முதலாவதாக, 19ஆம் உறுப்பு வழங்கும் பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றின்மீது இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காரணம் காட்டிக் கட்டுப்பாடு விதிக்க வழிவகுத்தது. இரண்டாவதாக, 84, 173 ஆகிய உறுப்புகளையும் மூன்றாம் அட்டவணையையும் திருத்தி, தேர்தலில் நிற்கும் வேட்பாளர் அவ்விறையாண்மையைக் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும் என்றது. இரண்டாவது மாற்றமே கழகத்தை நேரடியாகத் தாக்கியது. பிரிவினைக் கொள்கையை உடைய கட்சி இனித் தேர்தலில் நிற்க இயலாது.

மசோதாவை எதிர்த்து அண்ணா முன்வைத்த வாதத்தை மூன்று படிகளாகப் பகுக்கலாம். இறையாண்மை எங்கே உறைகிறது என்பது முதற்படி. அரசியலமைப்பின் முகப்புரை அரசியல் இறையாண்மையை மக்களிடத்தில் வைக்கிறது. சட்ட இறையாண்மையோ கூட்டாட்சி ஒன்றியத்திற்கும் அதன் உறுப்பு மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது என்று அவர் எடுத்துரைத்தார். எனவே மாநிலங்களின் உரிமையை வலியுறுத்துவது இறையாண்மைக்கு ஊறாகாது. காலம் இரண்டாம் படி. அயலார் படையெடுப்பின்போது நாட்டோடு நின்ற கட்சியின்மீது, அவ்வாறு நின்ற சில மாதங்களிலேயே இத்தடையை ஏவுவதற்குத் தேவை என்ன என்று வினவினார். கருத்தைக் கருத்தால் வெல்வதா, சட்டத்தால் அடக்குவதா என்னும் வினா மூன்றாம் படி.

மசோதா நிறைவேறி 1963 அக்டோபர் 5ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் கழகம் தன் குறிக்கோள் விதியைத் திருத்திக்கொண்டது. இந்திய இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் அரசியலமைப்புக்கும் உட்பட்டு, நான்கு திராவிட மொழி மாநிலங்களின் நெருங்கிய கூட்டுறவைக் காண்பது என்பது புதிய விதியின் சாரம்.

இம்மாற்றம் கொள்கைத் தெளிவா, சட்டத்திற்கு அஞ்சிய பின்வாங்கலா என்னும் விவாதம் இன்றும் முடியவில்லை. போர்க்காலத்திலேயே பரப்புரை நிறுத்தப்பட்டது என்பதைச் சுட்டி முதலாவதை நிறுவுவோர் உண்டு. விதித்திருத்தம் சட்டத்திற்குப் பின்னரே நிகழ்ந்தது என்பதைச் சுட்டி இரண்டாவதை நிறுவுவோரும் உண்டு. இரு சான்றுகளுமே உண்மையானவை. ஆயினும், கோரிக்கை கைவிடப்பட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்று அண்ணா வலியுறுத்தியதை இவ்விரு தரப்பும் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை. பகிரப்பட்ட இறையாண்மை என்னும் வாதம் பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தது. பிரிவினை நீங்கிய பின் அதுவே மாநில உரிமைக்கு அடிப்படையாயிற்று.

ஆட்சிமொழிச் சட்டம்: ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு

அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு, தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கி, 15 ஆண்டுகள் ஆங்கிலம் தொடர இடமளித்தது. அக்கெடு 1965 சனவரி 26இல் முடிவதாக இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959 ஆகஸ்டில் மக்களவையில் நேரு உறுதியளித்திருந்தார். அவ்வுறுதிமொழிக்குச் சட்ட வடிவம் தருவதாகச் சொல்லப்பட்டதே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழி மசோதா.

மசோதாவின் 3ஆம் பிரிவு, கெடு முடிந்த பின்னும் இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடரும்' என்று கூறவில்லை. 'தொடரலாம்' என்பது தொடராமல் விடுவதற்கும் இடம் தருகிறது என்பது எதிர்ப்பாளர் வாதம். அச்சொல்லைக் கட்டாயப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று நேரு விளக்கம் தந்தார். பொருள் அதுவாயின் அச்சொல்லையே சட்டத்தில் இடுவதற்குத் தடை என்ன என்னும் வினா அவ்விளக்கத்தால் தீரவில்லை. ஒருவர் அளிக்கும் உறுதிமொழி அவர் காலத்தோடு முடியக்கூடும். சட்டத்தின் சொல்லோ ஆட்சிகள் மாறிய பின்னும் நிற்கும். 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அடுத்த சனவரியில் கெடு முடிந்தபோது தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சி, இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் அன்று என்பதை மெய்ப்பித்தது.

அண்ணாவின் எதிர்ப்பு இச்சொல்லோடு நிற்கவில்லை. எட்டாம் அட்டவணையில் அன்று இடம்பெற்றிருந்த 14 மொழிகளும் ஆட்சிமொழிகளாதல் வேண்டும், அந்நிலை எய்தும் வரை ஆங்கிலம் நீடித்தல் வேண்டும் என்பது அவரது மாற்றுத் திட்டம். பெரும்பான்மையோர் பேசும் மொழி என்னும் காரணத்தையும் அவர் ஏற்கவில்லை. இந்தி பேசுவோர் நாடெங்கும் பரவி வாழ்பவர் அல்லர். அடுத்தடுத்து அமைந்த சில மாநிலங்களில் செறிந்து வாழ்பவர். ஆதலின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு அதனை நாட்டின் பொதுமொழி எனக் கொள்ளுதல் பொருந்தாது என்றார். தேசியப் பறவையாக மயிலைத் தேர்ந்தோர் எண்ணிக்கையில் மிகுந்த காக்கையைத் தேரவில்லையே என்று அவர் பெயரில் வழங்கும் உவமை இவ்வாதத்தின் சுருக்கமே.

இங்கு ஒரு முரண் இருப்பதாகத் தோன்றலாம். இறையாண்மை மக்களிடத்தில் உள்ளது என்பவர், மக்களுள் பெரும்பான்மையோர் மொழியை எவ்வாறு மறுக்கலாம்? மக்கள் என்பதை ஒரே திரளாகக் கொண்டால் இம்முரண் தீராது. மாநிலங்களாகவும் மொழியினங்களாகவும் அமைந்தவர்களாக அவர்களைக் கொண்டால், ஒன்றியம் முழுவதற்குமான மொழிக்கு ஒவ்வோர் உறுப்பின் இசைவும் வேண்டும் என்பது பெறப்படும். அண்ணாவின் இரு வாதங்களும் இணையும் இடம் இதுவே.

பெயர்மாற்ற மசோதா

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்ட வேண்டும் என்னும் கோரிக்கைக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். இக்கோரிக்கையை மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்தவர் வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா. 1963இல் அதன்மீது நிகழ்ந்த விவாதத்தில் அண்ணா ஆதரித்துப் பேசினார்.

அவரது உரை இரு சான்றுவகைகளைக் கையாண்டது. ஒன்று இலக்கியச் சான்று. பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றிலிருந்து இந்நிலத்தைத் தமிழின் பெயரால் குறிக்கும் இடங்களை எடுத்துக்காட்டி, இது புதிதாகப் புனைந்த பெயர் அன்று என நிறுவினார். மற்றொன்று அவையின் சொந்த வழக்கம். பெயரை மாற்றுவதால் விளையும் பயன் யாது என்ற கேள்விக்கு, மாநிலங்களவை ராஜ்ய சபா எனவும் குடியரசுத் தலைவர் ராஷ்டிரபதி எனவும் வழங்கப்பெறுவதால் விளைந்த பயன் யாதோ அதுவே என்று விடையளித்தார். ஒன்றியம் தன் நிறுவனங்களுக்கு மரபுவழிப் பெயர் சூட்டி அடையும் மனநிறைவை ஒரு மாநிலத்திற்கு மட்டும் மறுக்க இயலாது என்பது இதன் உட்பொருள்.

மசோதா தோல்வியுற்றது. அண்ணா முதலமைச்சரான பின் 1967 சூலை 18ஆம் நாள் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றம் 1968இல் இயற்றிய சட்டம் 1969 சனவரி 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 3ஆம் நாள், அண்ணா மறைந்தார்.

மதிப்பீடு

மூன்று சிக்கல்களிலும் அவையின் வாக்கெண்ணிக்கை அண்ணாவுக்கு எதிராகவே இருந்தது. ஆனால் ஒரு சட்டமன்றவாதியின் நிலைப்பாட்டை வாக்கெடுப்பின் முடிவைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. 1967 இறுதியில் நிறைவேறிய ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் இதற்குச் சான்று. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் இயற்றி, அவற்றைக் கருத்திற் கொண்டு நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றும் வரை ஆங்கிலப் பயன்பாட்டு விதிகள் நீடிக்கும் என்று அச்சட்டம் வகுத்தது. மொத்த எண்ணிக்கை அன்று, ஒவ்வொரு மாநிலத்தின் இசைவே அளவுகோல் என்னும் கருத்து இங்குச் சட்டமாயிற்று.

இதனை அவரது உரைகளின் விளைவு என்று மட்டும் கூறுதல் மிகையாகும். 1965ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியும், அதில் நேர்ந்த உயிரிழப்புகளும், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் அளித்த உறுதிமொழியும், 1967 தேர்தல் முடிவுகளும் அதற்கு நேரடிக் காரணங்கள். மேலும் இச்சட்டமும் அண்ணாவுக்கு முழுநிறைவைத் தரவில்லை. அதனோடு வந்த நாடாளுமன்றத் தீர்மானம் மும்மொழித் திட்டத்தை வலியுறுத்தியமையால், 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை அவர் அரசு நிறைவேற்றியது.

முடிவுரை

மாநிலங்களவையில் அண்ணா மேற்கொண்ட நிலைப்பாடுகள் பின்வரும் முடிவுகளைத் தருகின்றன. அவரது அரசியல் 1963இல் முறிந்து புதிதாகத் தொடங்கியது எனக் கொள்வதைவிட, ஒரே அடிப்படைக் கருத்து கோரிக்கையின் வடிவை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது எனக் கொள்வதே சான்றுகளோடு பொருந்துகிறது. அவரது மொழிக்கொள்கை உணர்வு சார்ந்தது மட்டும் அன்று; கூட்டாட்சியில் இசைவு எவ்வாறு பெறப்பட வேண்டும் என்னும் சட்டவியல் சிந்தனையும் அதில் அடங்கியுள்ளது. அவரது ஆங்கில உரைகளை அவை நடவடிக்கைக் குறிப்புகளோடும், தமிழ் மொழிபெயர்ப்புகளோடும், குறுக்கிட்டுப் பேசிய பிற உறுப்பினர்களின் வாதங்களோடும் ஒப்பிட்டு ஒரு திறனாய்வுப் பதிப்பு உருவாக்குதல் தமிழாய்வாளர் முன் உள்ள கடமை. மேற்கோள்களாகச் சிதறிக் கிடக்கும் அவ்வுரைகள் வாதங்களாக மீண்டும் எழுந்து நிற்பதற்கு அத்தகைய பதிப்பே வழிகோலும்.